நடுங்கும் கைக்கு ஒரு லென்ஸ்

அவள் உட்கார்ந்து நான் பார்த்தது குறைவு. அவளுடைய போட்டோ ஸ்டுடியோவில் மூன்று நாற்காலிகள் கிடக்கும். வந்தவர்களை உட்காரச் சொல்லிவிட்டு இவள் நின்றுகொண்டிருப்பாள். நின்றாள் என்றுகூடச் சொல்ல முடியாது. பின்திரையை இழுத்துவிடுவாள், விளக்கை நகர்த்துவாள், மேஜைக் கண்ணாடியைத் துடைப்பாள், துடைத்ததையே மறுபடியும் துடைப்பாள். ஆம்பூரில் அவளுக்குச் சுறுசுறுப்பான பெண் என்று பேர். நானும் அப்படித்தான் நினைத்தேன். கை சும்மா இருந்தால் நடுங்குவது தெரிந்துவிடும், அதை மறைக்கத்தான் இத்தனை ஓட்டம் என்பது எனக்குப் பிடிபட ஒரு வருஷம் ஆனது.

அவள் பேரைப் போட எனக்கு மனசில்லை. இப்போது ஓசூரில் மகள் வீட்டோடு இருப்பதாகக் கேள்வி. இது அவள் கண்ணில் பட்டால், "உனக்கு வேற வேல இல்லியா அக்கா?" என்று கத்துவாள். கத்தட்டும்.

நான் ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கும் மிஷினில் இருபத்தேழு வருஷம் இருந்தவள். ஷூவின் மேல்பாகத்துக்கு அப்பர் என்று பேர். வேலையை விட்டு நின்றதும் பென்ஷன் பாரத்துக்குப் போட்டோ கேட்டார்கள். ஆம்பிளை எதிரே முகத்தைத் தூக்கிக்கொண்டு உட்கார எனக்குக் கூச்சம். பொம்பளை வைத்திருக்கும் ஸ்டுடியோ என்று விசாரித்துக்கொண்டு இவளிடம் போனேன். அன்றைக்குக் கரண்ட் இல்லை. வாசல் வெளிச்சத்தில் ஸ்டூலைப் போட்டு என்னை உட்கார வைத்தாள்.

"தலய தூக்குங்க அக்கா. தரைல இன்னா கீது?"

தூக்கினேன். எடுத்தாள். கேமராவின் முதுகில் பார்த்தாள். முகம் சுருங்கியது.

"ஆடிட்டீங்க."

"ஆடலியேம்மா."

"ஆடுனீங்க. மூச்ச புடிச்சிக்கினு உக்காருங்க."

நாலு தடவை எடுத்தாள். நாலு தடவையும் நான்தான் ஆடினேன் என்றாள். ஐந்தாவது தடவை வாசல் நிலையில் தோளை முட்டுக்கொடுத்து, வலது கையைப் பார்த்து ஏதோ முணுமுணுத்துவிட்டு எடுத்தாள். அது நன்றாக வந்தது. "பாத்தீங்களா, இப்பதான் அடக்கமா உக்காந்தீங்க" என்றாள். நான் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன். இருபத்தேழு வருஷம் ஊசிக்கு அடியில் தோலை நூல் பிசகாமல் நகர்த்தின உடம்பு, ரிட்டயர் ஆனதும் ஆட ஆரம்பித்துவிட்டதோ என்று ஒரு வாரம் எனக்குக் கவலை.

தன் தப்பை அடுத்தவர் தலையில் வைப்பது அவளுக்கு அவ்வளவு லேசாக வரும். கெட்ட எண்ணம் கிடையாது. பயம். அந்தப் பயத்தை அவள் எங்கெங்கே ஒளித்து வைத்திருந்தாள் என்று பின்னால் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தேன். கண்ணாடி வளையல் போடமாட்டாள், அது கிலுகிலுத்துக் காட்டிக்கொடுக்கும். போட்டோ கவரில் பேர் எழுதவேண்டி வந்தால், "நீங்களே எழுதிடுங்க, நான் எழுதுனா தப்பா பூடும்" என்று பேனாவை நீட்டுவாள். நீட்டும்போதே மேஜைமேல் வைத்துவிடுவாள். சாவியைப் பூட்டில் நுழைக்கும்போது கழுத்தைத் திருப்பித் தெருவில் யாரையாவது கூப்பிட்டுப் பேசுவாள், ஏதோ பேச்சு மும்முரத்தில் சாவி துவாரத்தைத் தேடுகிற மாதிரி.

வேலூரில் டாக்டரிடம் காட்டியிருக்கிறாள். பிறவியிலேயே வருவது, உயிருக்கு ஒன்றும் இல்லை என்று மாத்திரை கொடுத்தாராம். அதைப் போட்டால் தூக்கம் வந்தது. "தூங்கிக்கினே படம் எடுக்கவா?" என்று நிறுத்திவிட்டாள்.

இவ்வளவு பயத்தோடு அந்த வேலையை ஏன் பிடித்துக்கொண்டிருந்தாள் என்றால், எங்கள் ஊரில் அந்த வேலைக்கு அவளை விட்டால் ஆள் கம்மி. பாய் வீட்டுக் கல்யாணங்களில் பெண்கள் பக்கம் தனி. அங்கே ஆம்பிளை நுழையக் கூடாது, போட்டோக்காரனும் கூடாது. எடுத்த படம் வெளி ஆம்பிளைகள் கண்ணில் படவும் கூடாது. அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். கடைசி படம் எடுத்ததும் கேமராவிலிருந்து கார்டைக் கழற்றி, பெண்ணின் அம்மா கையில் கொடுத்துவிட்டு வந்துவிட வேண்டும். அதற்கப்புறம் அந்தப் படங்களை இவள் பார்க்க முடியாது. எடுத்தபோது கேமராவின் முதுகில் தீப்பெட்டி அளவில் பார்த்ததுதான். தீப்பெட்டி அளவில் எல்லா முகமும் அழகாகத்தான் இருக்கும்.

என்னைப் பை தூக்கத்தான் முதலில் கூப்பிட்டாள். "நீ பேச மாட்ட, அதான் உன்ன கூப்பிடுறேன்" என்றாள். முதல் கல்யாணத்திலேயே என்னை முன்னால் நிறுத்தி, என் தோளில் லென்ஸை வைத்து எடுத்தாள். ஜரிகை வெளுத்துப்போகிறது, கண் கூசுகிறது என்று அந்தப் பெண்களுக்கு பிளாஷ் பிடிக்காது. வெளிச்சம் கம்மியாக இருந்தால் கை துளி அசைந்தாலும் படம் கலங்கிவிடும். "மூச்சு விடாத அக்கா" என்பாள். என் காதுக்குப் பக்கத்தில் அவள் தன் கையிடம் பேசுவது கேட்கும். "இருடி. இருடி. ஒரு நிமிஷம் இருடி." பிடிவாதக்காரக் குழந்தையிடம் பேசுவதுபோலப் பேசுவாள். அப்புறம் கிளிக். எத்தனையோ நிக்காஹ் நான் அப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தவைதான்.

அப்படியும் ஒரு கல்யாணத்தில் பிசகிவிட்டது. பெண் மூக்கில் மூக்குத்தி இரண்டாகத் தெரிகிறது என்று பேச்சு கிளம்பியது. "கேமராவ மாத்தச் சொல்லு" என்றார் ஒருத்தர். "கேமராவா, ஆளா?" என்றார் இன்னொருத்தர். இரண்டாவது கேள்விதான் அவளைத் தின்றது. கேமரா மோசம் என்று யாராவது சொன்னால் சந்தோஷமாகத் தலையாட்டுவாள்.

அந்தச் சமயத்தில்தான் கை நடுக்கத்தைச் சரிக்கட்டும் லென்ஸ் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டாள். அதற்குள்ளே ஒரு கண்ணாடி தானாக நகர்ந்து, கை இந்தப் பக்கம் போனால் அது அந்தப் பக்கம் போய்ப் படத்தை நிறுத்திவிடுமாம். மூன்று வாரம் என்னைப் பாடாய்ப் படுத்தினாள். போனில் வீடியோ பார்ப்பாள், என்னிடம் ஓடி வருவாள், போய்விடுவாள், நான் உலையில் அரிசி போடுவதற்குள் மறுபடி வருவாள். அவள் சக்திக்கு எட்டியவை இரண்டு. ஒன்றில் நடுக்கத்தைப் பிடிக்கும் அமைப்பு உண்டு, ஆனால் வெளிச்சத்தைக் கம்மியாக வாங்கும். இன்னொன்று வெளிச்சத்தை ஜாஸ்தி வாங்கும், நடுக்கத்துக்கு அதில் ஒன்றும் இல்லை.

"வெளிச்சம் ஜாஸ்தி இருந்தா படம் சட்டுனு விழுந்துடும், கை ஆடுறதுக்கு டைமே இருக்காதுன்றாங்க. ஆனா அது கொஞ்சமா ஆடுற கைக்கு. எனுது கொஞ்சமா? நீ சொல்லு."

"எனக்கு இன்னாம்மா தெரியும்?"

"தெரியாட்டி பரவால்ல, சொல்லு."

"எது உன்கிட்ட ஜாஸ்தி கீதோ, அதுக்கு மருந்து வாங்கு."

"பேஜாரு புடிச்சவ நீ" என்று திட்டிவிட்டுப் போனாள். மறுநாள் காலையில் வேலூர் பஸ்ஸில் என்னையும் ஏற்றினாள். பாதி வழியில் பள்ளிகொண்டா வருவதற்குள் ஒரு லென்ஸை முடிவு செய்தாள். வேலூரில் இறங்கும்போது மற்றதற்கு மாறியிருந்தாள்.

கடைக்காரர் நல்ல மனுஷன். கை ஆட்டத்தைப் பிடிக்கும் லென்ஸ் வேண்டும் என்றதும், "யாருக்கு மேடம்?" என்று கேட்டார்.

இவள் யோசிக்கக்கூட இல்லை. "இந்த அக்காவுக்கு. இவங்கதான் போட்டோ எடுக்குறவங்க. கை ஆடும்."

நான் அப்படியே நின்றேன். அவர் இரக்கத்தோடு என்னைப் பார்த்து, ஒரு கேமராவை என் கையில் கொடுத்து, எதிர்ச் சுவரில் இருந்த காலண்டரை எடுக்கச் சொன்னார். எங்கே அமுக்குவது என்று விரல் வைத்துக் காட்டினார். அமுக்கினேன். அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். இன்னும் பெரிதாக்கினார். காலண்டரில் ராகுகாலம் எமகண்டம் வரைக்கும் படிக்க முடிந்தது.

"இன்னா மேடம், பாறாங்கல்லு மாதிரி புடிக்கிறாங்க! இவங்களுக்கு எதுக்கு இந்த லென்ஸு?"

"இன்னிக்கு ஆடல" என்றாள் இவள். "ஆடுற அன்னிக்கு ஆடும்."

அவர் அதையும் நம்பினார். நடுக்கத்தைப் பிடிக்கும் அமைப்புள்ள லென்ஸை எடுத்து மாட்டினார். "இது உங்க கை ஆடுறத மட்டுந்தாம்மா புடிக்கும். எதிர்ல நிக்கிறவங்க ஆடுனா அதுக்கு இது ஒண்ணும் பண்ணாது" என்று என்னிடம் சொன்னார். இவள் பொறுக்கமுடியாமல் கேமராவைப் பிடுங்கிக்கொண்டு, "நான் வெளிச்சத்துல பாத்துட்டு வர்றேன்" என்று வாசலுக்குப் போய்விட்டாள். போட்டோ எடுப்பவள் நான்தானே, அதனால் மிச்சப் பாடம் முழுவதும் எனக்கு. லென்ஸ் டப்பாவில் இருந்த படத்தைக் காட்டி, பக்கவாட்டில் இருக்கும் சுவிட்ச், எப்போது போட வேண்டும், எப்போது அணைக்க வேண்டும் என்று ஏதேதோ சொன்னார். என் முகம் எரிந்துகொண்டிருந்தது. எப்போது இவள் திரும்பி வருவாள் என்று வாசலையே பார்த்தபடி எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

வாசலிலிருந்து ஓடி வந்தாள். "அக்கா, காத வை. உள்ள இன்னாமோ ஓடுது பாரு."

காதை வைத்தேன். தூரத்தில் எங்கோ மிஷின் ஓடுவதுபோல ஒரு மெல்லிய சத்தம். அவள் கேமராவைப் பிடித்துக்கொண்டு என்னைக் கண் வைக்கச் சொன்னாள். ரோடு, பஸ், பூக்காரி எல்லாம் தட்டுத்தடுமாறின. பொத்தானைப் பாதி அமுக்கினாள். குடத்துத் தண்ணீர் அலைந்து அடங்குவதுபோல அத்தனையும் மிதந்து நின்றன. கண்ணை எடுத்து அவள் கையைப் பார்த்தேன். அது ஆடிக்கொண்டுதான் இருந்தது.

அவள் சிரிக்கவில்லை. கையைப் பார்த்து, "ஆடுடி. இன்னா வேணா ஆடிக்கோ" என்றாள்.

அந்த லென்ஸோடு ஒரு காதுகுத்து, ஒரு வளைகாப்பு. எல்லாம் நன்றாக வந்தன. அதற்குப் பிறகு ஒரு பாய் வீட்டம்மா ஸ்டுடியோவுக்கே வந்தார். அவருக்கு ஒரே மகள்.

"உன்னத்தான் கூப்பிடப் போறேன். என் நாத்தனாரு வேணாங்குறா, கேமராவ புடிக்கத் தெரியாதவளாமே நீ? நான்தான் கேக்கல. என் மூஞ்சில கரி பூசிடாத."

"நான் எடுக்குறேன் ஆபா" என்றாள் இவள். அக்காவை அவர்கள் ஆபா என்பார்கள், இவளும் அப்படியே கூப்பிடுவாள். அந்தம்மா போனதும் சுவிட்ச் போர்டைத் துடைக்க ஆரம்பித்தாள். இந்தக் கல்யாணமும் கெட்டால் ஆம்பூரில் இனி எந்தப் பெண்கள் பக்கத்திலும் அவளுக்கு இடமில்லை. அது எனக்கும் புரிந்தது.

கல்யாணத்தன்று பாதி வரைக்கும் ஒரு குறையும் இல்லை. மருதாணி, பூ, சிரிக்கும் தோழிகள் எல்லாம் கையிலேயே எடுத்தாள். பெண்ணை முழு அலங்காரத்தில் சோபாவில் உட்கார வைத்தபோது அந்த நாத்தனார் வந்து இவளுக்குப் பக்கத்திலேயே நின்றார். கையைக் கட்டிக்கொண்டு. இவளுக்கு வேர்த்துவிட்டது.

"அக்கா, ஸ்டாண்ட எடு."

"லென்ஸுதான் கீதேம்மா?"

"ரெண்டும் இருக்கட்டும். டபுள் சேஃப்டி."

ஸ்டாண்டில் கேமராவை ஏற்றிப் பெண்ணை எடுத்தாள், அம்மாவோடு எடுத்தாள், மாமியாரோடு எடுத்தாள். ஆடாத ஸ்டாண்டு, நடுங்கினாலும் நிறுத்தும் லென்ஸ். தீப்பெட்டி அளவில் பார்த்தாள், எல்லாம் அழகு. கார்டைக் கழற்றி அந்தம்மா கையில் கொடுத்தாள். வெளியே வந்ததும் என் முதுகில் ஓங்கித் தட்டினாள்.

மறுநாள் காலையில் போன் வந்தது. உடனே வரச்சொன்னார்கள்.

கூடத்தில் அந்தம்மாவும் நாத்தனாரும் இருந்தார்கள். பெரிய டிவியில் படங்கள் ஓடின. கையில் எடுத்தவை எல்லாம் மருதாணிக் கோடு வரைக்கும் தெளிவு. ஸ்டாண்டில் எடுத்தவை அத்தனையும் மெழுகிவிட்டதுபோலக் கலங்கியிருந்தன. பெண்ணின் முகத்தில் கண் எங்கே முடிகிறது, மை எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை.

"டிவி சரியில்ல ஆபா" என்றாள் இவள்.

"அடுத்த படம் அதே டிவிதானே?" என்றார் நாத்தனார். "அது மட்டும் எப்படி பளபளன்னு கீது?"

எனக்கு அந்தக் கடை ஞாபகத்துக்கு வந்தது. பக்கவாட்டுச் சுவிட்ச். ஸ்டாண்டில் வைத்தால் அதை அணைத்துவிடும்மா என்று அவர் சொன்னது அப்போதுதான் என் காதில் விழுந்த மாதிரி இருந்தது. ஆட்டமே இல்லாத இடத்தில் அந்தக் கண்ணாடி ஆட்டத்தைத் தேடித் தானே ஆடிவிடுமாம். இதை இவளிடம் நான் சொல்லவே இல்லை. எப்படி ஆரம்பிப்பது என்று நான் தவித்துக்கொண்டிருக்கும்போதே அந்தம்மா டீ கொண்டுவரச் சொன்னார். கோபத்திலும் மரியாதை விடாத வீடு.

யார் வீட்டிலும் அவள் டீ குடித்து நான் பார்த்ததில்லை. ஏதாவது சாக்குச் சொல்லிவிடுவாள். அன்றைக்குத் தப்பு செய்துவிட்டு நிற்கிறவள், வேண்டாம் என்று எப்படிச் சொல்வாள்? வாங்கினாள். கப்பும் சாசரும். வாங்கின நிமிஷமே அது பாட ஆரம்பித்தது. கிடுகிடு கிடுகிடு என்று. டிவியில் சத்தம் இல்லை. கூடத்தில் அந்த ஒரு சத்தம்தான். டீ சாசரில் தளும்பி அவள் புடவையில் விழுந்தது. நாத்தனாரின் கட்டியிருந்த கை இறங்கியது.

அந்தம்மா எழுந்து வந்து சாசரை வாங்கி வைத்தார். "எத்தினி நாளா?"

இவள் புடவையில் விழுந்த டீயைத் துடைத்தாள்.

"உன்னத்தான் கேக்குறேன்."

"பொறந்ததுலர்ந்து. எங்க நைனாவுக்கும் இருந்துச்சு." கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"அப்ப அந்த நல்ல படம்லாம் யார் எடுத்தது?"

"அதுவும் நான்தான் ஆபா. கைல எடுத்தது. நீங்கல்லாம் பாக்குறீங்கன்னு பயந்துதான் ஸ்டாண்டுல வச்சேன்."

அப்போதுதான் என் வாய் திறந்தது. சுவிட்ச், கடைக்காரர், நான் தலையாட்டியது எல்லாம் சொன்னேன். இவளுக்குப் பதிலாக நான் கை ஆடுகிறவளாக நின்றதையும் சொல்லிவிட்டேன். வேற்று மனுஷர் முன்னால் அத்தனை நீளமாக நான் பேசியதே இல்லை. நாத்தனார்தான் முதலில் சிரித்தார். சிரித்துவிட்டு, "பாவம்" என்றார்.

"நாளைக்கு மாப்பிள்ள வீட்டு வலிமா விருந்து, மண்டபத்துல" என்றார் அந்தம்மா. "பொண்ணு அதே நகை போடுவா. வந்து திரும்ப எடு. ஸ்டாண்ட மட்டும் கொண்டாந்துடாத."

தப்பித்தோம் என்று எனக்கு இருந்தது. இவள் தெரு முனை வரைக்கும் விறுவிறுவென்று நடந்தாள். அங்கே நின்று என்மேல் பாய்ந்தாள்.

"ஏன் எல்லாத்தையும் சொன்ன? இனிமே என் படத்த எவ பாப்பா? என் கையத்தான் பாப்பாளுங்க. கல்யாணத்துக்குக் கல்யாணம் சொல்லி அனுப்புவாளுங்க, கை ஆடுறவ வர்றா, வந்து பாருங்கடின்னு. நான் போவ மாட்டேன்."

"சுவிட்ச் விஷயத்த உன்கிட்ட சொல்லாம விட்டது என் தப்பு. அத சொல்லாம எப்படிம்மா இருப்பேன்?"

"இருந்திருக்கணும்."

"அந்தப் பொண்ணுக்கு அவ கல்யாணத்துல மூஞ்சியே இல்லம்மா" என்றேன்.

பாவம் என்ற அந்தச் சொல்தான் அவளைக் குத்தியிருந்தது என்று எனக்குத் தெரியும். கேலியைத் தாங்கிவிடுவாள். அன்றைக்கு ஸ்டுடியோவைத் திறக்கவில்லை. மறுநாள் மதியம் நான் தனியாகவே வலிமா மண்டபத்துக்குப் போய்ப் பெண்கள் வாசலில் நின்றேன். அவள் வராவிட்டால் அந்தம்மாவிடம் என்ன சொல்வது என்று வார்த்தை தேடித் தேடிக் கால் மாற்றி நின்றேன். ஆட்டோ ஒன்று வந்தது. இறங்கினாள். ஸ்டாண்டு இல்லை. என்னைத் தாண்டிக்கொண்டு உள்ளே போனாள்.

உள்ளே அவள் பயந்தபடியேதான் இருந்தது. செய்தி எங்களுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. பத்து ஜோடிக் கண்கள் நேராக அவள் கைக்குப் போயின. சோபாவில் பெண்ணுக்குப் பக்கத்தில் மாப்பிள்ளையின் பெரியம்மா உட்கார்ந்திருந்தார். கனத்த உடம்பு, வாயில் வெற்றிலை. ஒரு நொடி சும்மா இருக்கவில்லை. இந்தப் பக்கம் திரும்பி பிரியாணி தீர்ந்ததா என்பார், அந்தப் பக்கம் திரும்பிக் குழந்தையை அதட்டுவார், நடுவில் விசிறிக்கொள்வார்.

"ஏம்மா" என்று உரக்கக் கேட்டார். "கை ஆடுற போட்டோக்காரி நீதானா?"

அவள் பையைத் திறந்து கேமராவை எடுத்தாள். மறைக்கவில்லை, தோளை முட்டுக்கொடுக்கத் தூணைத் தேடவில்லை. இரண்டு கையும் எல்லோருக்கும் தெரிய நடுங்க, அதை முகத்துக்குத் தூக்கினாள்.

"நான்தான் ஆபா. என் ஆட்டத்த இந்த லென்ஸு பாத்துக்கும். உங்க ஆட்டத்த நிறுத்தத்தான் இன்னும் ஒண்ணும் வரல. கொஞ்சம் ஆடாம உக்காருங்க."

முதலில் சிரித்தது மணப்பெண். அப்புறம் யார் யார் சிரித்தார்கள் என்று சொல்ல முடியவில்லை. பெரியம்மா வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, விசிறியை மடியில் கவிழ்த்து வைத்து, பள்ளிக்கூடப் பிள்ளைபோல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அவள் எடுத்தாள்.